தங்கை கல்யாணத்தில் நண்பன் வாசிக்கட்டுமா, மேளக்காரரைப் பேசுவதா?

கேட்டவர் உச்சிப்புளி பக்கத்துக்காரர். வைகாசியில் தங்கைக்குக் கல்யாணம், மண்டபமும் பேசியாகிவிட்டது. கூடப் படித்த நண்பர் ஒருவர் ராமநாதபுரம் அரசு இசைப்பள்ளியில் நாதஸ்வரம் படித்தவர். இப்போது சென்னையில் கம்பெனி வேலை. "மேளத்துக்கு வெளியே யாரையும் பேசாதே, நானே தவிலுக்கு ஒரு ஆளைக் கூட்டி வந்து வாசித்துவிடுகிறேன், காசு வேண்டாம்" என்கிறாராம். அப்பாவோ, வீட்டுக்கு வழக்கமாக வரும் மேளக்காரரைத்தான் பேச வேண்டும் என்கிறார். நண்பர் மனது நோகக் கூடாது, கல்யாணமும் நன்றாக நடக்க வேண்டும், என்ன செய்வது என்பது கேள்வி.

அப்பா சொல்வதைக் கேளுங்கள். மாப்பிள்ளை அழைப்புக்கும் முகூர்த்தத்துக்கும் தொழிலாக வாசிக்கிற செட்டைப் பேசுங்கள். நண்பரை மாலை வரவேற்பில் வாசிக்க வையுங்கள். அதையும் போனால் போகிறது என்று கொடுக்காமல், நல்ல நேரமாகப் பார்த்து ஒதுக்கிக் கொடுங்கள்.

நான் தவில்காரன். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்கிற ஊர் தொடங்கி சாயல்குடி வரைக்கும் கடலோர ஊர்களில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று வாசித்து வருகிறவன். என் தொழிலுக்காகப் பேசுகிறேன் என்று தோன்றலாம். காரணங்களைச் சொல்கிறேன், நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. உங்கள் நண்பரின் வித்தையில் எனக்குச் சந்தேகமே இல்லை. இசைப்பள்ளியில் மூன்று வருடம் முறையாகப் படித்தவருக்கு ராகமும் கீர்த்தனையும் எங்களில் பல பேரைவிடச் சுத்தமாகவே இருக்கும். நரசிங்கம்பேட்டையில் சொல்லிச் செய்த நாதஸ்வரம் வைத்திருக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். 2022இல் புவிசார் குறியீடு வாங்கிய வாத்தியம் அது. பழைய வீடுகளில் உத்திரமாக இருந்து நன்றாகக் காய்ந்த ஆச்சா மரத்தில் கடைகிறார்கள், நாதம் கேட்கவே சுகமாக இருக்கும். ஆனால் கல்யாண மேளத்தில் வாசிப்பு பாதி வேலைதான். மீதிப் பாதி, கண்ணும் காதும் மணவறையில் இருப்பது.

தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் எல்லாக் கல்யாணத்திலும் ஐயர் இருப்பதில்லை. பல வீடுகளில் ஊர்ப் பெரியவர்தான் தாலியை எடுத்துக் கொடுப்பார். அதற்கு முன்னால் தாலியைத் தட்டில் வைத்து, தேங்காய், மஞ்சள், அட்சதையோடு சபைக்குள் கொண்டு போவார்கள். எல்லோரும் தொட்டுக் கும்பிட்டு ஆசீர்வாதம் செய்ய வேண்டும். தட்டு திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சில சமயம் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். சில சமயம் கடைசி வரிசையில் இருக்கிற பெரியப்பாவுக்குக் காட்டவில்லை என்று பாதி வழியில் திரும்பிப் போகும். அந்த நேரத்தில் நாயனக்காரர், அதாவது நாதஸ்வரம் வாசிக்கிறவர், பெரிய கீர்த்தனையை எடுக்க மாட்டார். நாட்டக்குறிஞ்சியோ கல்யாணியோ, ஒரு ராகத்தை எடுத்து, எந்த இடத்திலும் நிறுத்தக்கூடிய மாதிரி மெல்ல வாசித்துக்கொண்டிருப்பார். தவில்காரன் அவரைப் பார்க்க மாட்டான். தட்டைப் பார்ப்பான். தட்டு மேடைப் படி ஏறினதும் கையைச் சுருக்கிக்கொண்டு நாயனத்துக்குக் கண் காட்டுவான். தாலி மாப்பிள்ளை கைக்குப் போகிறது, பெரியவர் கையைத் தூக்கி ஆட்டுகிறார், "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று நாலா பக்கமும் சத்தம். அந்த நொடியில் ராகம் எந்த இடத்தில் இருந்தாலும் விட்டுவிட்டு எல்லா வாத்தியமும் ஒன்றாக விழ வேண்டும். தும்மலோ அழுகையோ தப்பான சொல்லோ அந்த நேரத்தில் யார் காதிலும் விழக் கூடாது என்பதற்காகத்தான் கெட்டிமேளம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். முதல் முடிச்சோடு நிறுத்திவிடவும் கூடாது. நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போட்டு, அட்சதை விழுந்து முடிகிற வரைக்கும் கை தளரக் கூடாது. சில வீட்டில் நாத்தனார் கூட்டத்தில் எங்கேயோ இருப்பார், தேடிக் கூட்டி வருவார்கள். அதுவரைக்கும் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இதை எந்தப் பள்ளியிலும் பாடமாக வைக்க முடியாது. கல்யாணம் கல்யாணமாகப் போய், பெரியவர்கள் பக்கத்தில் தாளம் போட்டுப் போட்டுத்தான் வரும்.

தேவிபட்டினம் பக்கம் ஒரு கல்யாணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் நாள் மாப்பிள்ளை அழைப்புக்கு நாங்கள் வாசித்தோம். மறுநாள் முகூர்த்தத்துக்குப் பெண்ணின் அண்ணனுடைய நண்பர்கள் கீபோர்டு, பேடு எல்லாம் வைத்து வாசிப்பதாக ஏற்பாடு. நல்ல பையன்கள், நன்றாகவே வாசித்தார்கள். எங்களைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னதால் நாங்களும் இருந்தோம், வாத்தியம் வேனில் ஏறிவிட்டது. தாலியைக் கையில் எடுத்த நேரம் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரை ஓட விடுவதற்குள் மாப்பிள்ளை முடிச்சுப் போட ஆரம்பித்துவிட்டார். மண்டபம் முழுக்க ஒரே நிசப்தம். முன் வரிசையில் இருந்த ஒரு அப்பத்தா யாரையும் எதிர்பார்க்கவில்லை, குலவை போட ஆரம்பித்தார். பின்னாலேயே நாற்பது ஐம்பது பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். மூன்று முடிச்சும் குலவையிலேயே விழுந்தது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் அந்தப் பையன்கள் அதற்கப்புறம் தலை நிமிரவே இல்லை. கரண்ட் போனதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? இருந்தாலும் ஒரு மாமா அவர்களைப் பார்த்து, "விளையாட்டுப் பிள்ளைகளை நம்பினால் இப்படித்தான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். சாப்பிடக்கூட உட்காராமல் கிளம்பிப் போனார்கள்.

உங்கள் நண்பர் வாசிப்பது நாதஸ்வரம், கரண்ட் போனாலும் நிற்காது என்பது சரி. ஆனால் வேறு ஏதாவது ஒன்று சறுக்கத்தான் செய்யும், எல்லாக் கல்யாணத்திலும் சறுக்கும். அப்போது ஒரு மாமா கத்துவார். தொழில்காரருக்கு அது பழகிப்போன சத்தம். "சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டு அடுத்த உருப்படிக்குப் போய்விடுவோம். நண்பருக்கு அது மனதில் தங்கிவிடும். உங்களுக்கும் அவரிடம் வேலை சொல்ல நா எழாது. மேளக்காரரிடம் "அண்ணே, பேசிக்கிட்டு இருக்காங்க, கொஞ்சம் குறைச்சு வாசிங்க" என்று சொல்லலாம். இலவசமாக வாசிக்கிற நண்பரிடம் எப்படிச் சொல்வீர்கள்?

அப்புறம் உடம்பு. நாதஸ்வரம் மூச்சுக் காற்றில் பேசுகிற வாத்தியம். கல்யாண மேளம் விடிவதற்கு முன்பே வீட்டு வாசலில் பூபாளத்தில் ஆரம்பிக்கும். பெண் அழைப்பு, தாய்மாமன் சீர் எடுத்து வருவது, மாலை மாற்றுவது, முகூர்த்தம், பந்தி என்று மதியம் வரைக்கும் இழுக்கும். அதனால்தான் இரண்டு நாயனம் உட்காருகிறோம். ஒருவர் ஓய்வெடுக்கும்போது இன்னொருவர் வாசிப்பார். தினமும் வாசிக்காதவருக்கு ஒரு மணி நேரத்திலேயே உதடு தடித்துப்போகும். அதற்கு மேல் ஊதினால் சுருதி இறங்கும், பிசிறு தட்டும். கம்பெனி வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாதகம் செய்கிறவருக்கு இது நடந்தே தீரும். அவர் குறை இல்லை அது.

நம் கடற்கரைக்கென்று தனியாக ஒரு சங்கடமும் உண்டு. வைகாசியில் கச்சான் காற்று அடிக்க ஆரம்பித்துவிடும். திறந்த பந்தலாக இருந்தால் நாதஸ்வரத்துக்கு முன்னால் வைத்த மைக் காற்றைத்தான் அதிகம் வாங்கும். வாயில் வைத்து ஊதுகிற சீவாளி ஒரு நேரம் நனைந்து தொய்யும், ஒரு நேரம் காய்ந்து விறைக்கும். அதனால் நாதஸ்வரத்தில் கயிறு கட்டி நாலைந்து சீவாளி தொங்கவிட்டிருப்போம், எது பேசுகிறதோ அதைப் போட்டு வாசிக்க வேண்டும். தவிலிலும் ஈரக் காற்று பட்டால் தோல் இறங்கிவிடும். இப்போது வார் பிடிப்பதற்குப் பதில் போல்ட், நட் வைத்த தவில்தான் அதிகம். அதனால் வாசிக்கும்போது விரலில் மாட்டுகிற கூட்டோடு ஒரு ஸ்பேனரும் என் பையில் எப்போதும் இருக்கும். பாம்பன் பக்கம் ஒரு கல்யாணம் முடிவதற்குள் பல தடவை முடுக்க வேண்டியிருக்கும். சென்னையில் குளிர்சாதன அறையில் ஒத்திகை பார்த்துவிட்டு நேராக இங்கே வந்து உட்காருகிறவருக்கு இது புதிதாக இருக்கும்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. நண்பர் முகூர்த்தத்துக்கு வாசித்தால் அவருக்குக் கல்யாணம் கிடையாது. தங்கை மணவறைக்கு வரும்போது அவர் சீவாளி நனைத்துக்கொண்டிருப்பார். நீங்கள் கண் கலங்கி நிற்கும்போது உங்கள் தோளில் கை வைக்க வேண்டியவர் மேடைக்கு அந்தப் பக்கம் இருப்பார். போட்டோவில் இருக்க மாட்டார், கடைசிப் பந்தியில் ஆறின சோறு சாப்பிடுவார். என் தங்கை கல்யாணத்தில் நான் தவிலைத் தொடவில்லை. என் ஆசான் மகன் வந்து வாசித்தார். நான் அண்ணனாக நின்றேன்.

நண்பரை வைத்துக்கொள்வதே நல்லது என்கிற கல்யாணமும் உண்டு. உத்தரகோசமங்கையிலோ திருப்புல்லாணியிலோ கோயிலில் வைத்து, இரண்டு வீட்டு ஆட்கள் மட்டும் கூடி, அரை மணி நேரத்தில் முடிக்கிற கல்யாணமாக இருந்தால் நானே உங்கள் நண்பரை வாசிக்கச் சொல்லியிருப்பேன், பழகின தவில் ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும். கோயிலில் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்து மாதா கோயில் கல்யாணங்களில் பாடகர் குழுவே சொந்தக்காரர்களும் நண்பர்களும்தான். வாரா வாரம் பூசையில் பாடுகிறவர்கள், எந்த இடத்தில் எந்தப் பாட்டு என்று அவர்களுக்குத் தெரியும். அங்கே வெளியிலிருந்து ஆர்கெஸ்ட்ரா கூட்டிப் போவதுதான் தப்பாகும். பூசைக்குள் சினிமாப் பாட்டுக்கு இடமில்லை, பங்குச் சாமியாரிடம் பாட்டுப் பட்டியலை முன்பே காட்டிவிட வேண்டும். ஊர்வலத்துக்கு பேண்டு வாத்தியம் தனியாகப் பேசிக்கொள்வார்கள். கீழக்கரை பக்கம் நிக்காஹ் என்றால் வழக்கமே வேறு. பைத் என்கிற புகழ்ப்பாட்டு ஓதுவது, பந்தலில் நாகூர் ஹனிபா பாட்டுப் போடுவது என்று இருக்கும். ராமநாதபுரத்தில் பிறந்தவர் அல்லவா அவர்! சில ஜமாத்துகள் எந்த வாத்தியத்துக்கும் ஒப்புக்கொள்வதில்லை, அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எதையும் செய்ய வேண்டும்.

சரி, மேளக்காரரைப் பேசுவது என்று முடிவானால் எப்படிப் பேசுவது? முகூர்த்த நாளில் ஒரே ஆள் மூன்று கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டு, நம் வீட்டுக்கு வேறு செட்டை அனுப்பிவிடுவது நடக்கிற கதைதான். அதனால் "நீங்களே வந்து வாசிப்பீங்களா, கூட யார் யார் வர்றாங்க?" என்று முதலிலேயே கேளுங்கள். இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி என்று ஆட்களும் வாத்தியமும் தெளிவாகப் பேச வேண்டும். முடிந்தால் அவர் வாசிக்கிற வேறொரு கல்யாணத்துக்குப் போய் ஓரமாக நின்று கேளுங்கள். பாட்டைவிட, தாலி கட்டுகிற நேரத்தில் அவர் கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்லுங்கள்: சீர் எத்தனை மணிக்கு எந்தத் தெருவிலிருந்து வரும், தாலியை யார் எடுத்துக் கொடுப்பார், தட்டு சபைக்குப் போகுமா போகாதா என்று. சீரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்துவிட்டால் மேளம் யாரை முதலில் எதிர்கொள்ள வேண்டும் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். அதில் வருகிற மனத்தாங்கல் பல வருடம் போகாது.

மாப்பிள்ளை அழைப்புக்கு மல்லாரி வாசிக்கச் சொல்லி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். மல்லாரி சாமி புறப்பாட்டுக்கு உரியது. பல பேர் வாசித்துவிடுகிறார்கள், நான் வாசிக்கிற செட்டில் வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். உங்கள் மேளக்காரரும் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள்.

வருகிறவர்களை எப்படி நடத்துகிறீர்கள் என்பது வாசிப்பில் தெரியும். விடிகாலை நாலு மணிக்கு வந்தவர்களுக்கு ஒரு காபி, வாத்தியத்தைப் பூட்டி வைக்க ஒரு அறை, உட்கார ஜமுக்காளம் விரித்த மேடை, இரண்டாம் பந்திக்குள் சாப்பாடு. செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, "ஏய் மேளம், அடி" என்று பேர் தெரியாத மாதிரி கூப்பிடுகிற வீடுகள் இன்றைக்கும் இருக்கின்றன. சாதியைப் பார்த்து வருகிற பேச்சு அது, கேட்டால் கை தானாகக் குறுகிப்போகும். "வாங்கண்ணே, சாப்பிட்டீங்களா" என்று வீட்டுப் பெரியவர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அந்தக் கல்யாணத்துக்கு வருகிற வாசிப்பே வேறு. பணத்தையும் கடைசியில் மண்டப வாசலில் வைத்து எண்ணிக் கொடுக்காமல், வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து, பெரியவர் கையால் கொடுக்கச் சொல்லுங்கள்.

இனி நண்பர் விஷயம். போனில் மெசேஜ் அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டாம். நேரில் பார்த்தோ கூப்பிட்டோ சொல்லுங்கள். "மாப்ளே, தாலி கட்டுறப்போ நீ என் பக்கத்துல நிக்கணும்டா, மேளத்துல உட்கார்ந்துட்டா நான் யாரைத் தேடுறது? சாயங்காலம் வரவேற்புல அரை மணி நேரம் உன் கச்சேரி, பத்திரிகைலயே உன் பேரைப் போடுறோம்." இதில் பொய் ஒன்றும் இல்லை, அதனால் சொல்லுவதும் கஷ்டமாக இருக்காது. அரை மணிக்கு மேல் வேண்டாம், உதடு தாங்காது. ஜனம் பந்திக்கு எழுந்து போவதற்கு முன்னால் அந்த நேரத்தை வையுங்கள். தங்கைக்குப் பிடித்த பாட்டு இரண்டு மூன்று இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், மேளக்காரரிடம் கேட்டால் கிடைக்காத பாட்டாக இருக்கும். நண்பனால் மட்டும் கொடுக்க முடிகிறது அதுதான்.

காலையிலும் ஒன்று வாசிக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டால் வழி இருக்கிறது. நாயனக்காரரிடம் முன்பே கேட்டு, மாலை மாற்றும்போது ஆனந்தபைரவியில் ஒன்று வாசிக்க அனுமதி வாங்கலாம். மூத்தவர் கூட இளையவர் ஒருவர் உட்கார்ந்து ஒரு உருப்படி வாசிப்பது எங்களுக்குள் வழக்கம்தான், முறையாகக் கேட்டால் சந்தோஷமாகவே ஒப்புக்கொள்வார்கள். நண்பரே போன் போட்டுப் பேசட்டும். செட் எத்தனை கட்டை சுருதி என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்கள் இரண்டரைக் கட்டை வைத்திருக்க, இவர் வாத்தியம் வேறு சுருதியாக இருந்தால் சேர்ந்து வாசிக்க முடியாது.

வரவேற்பில் சினிமாப் பாட்டு வாசித்தால் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும் என்று மண்டபத்தில் யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். 1957ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவே கல்யாணத்துக்கும் அதை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் விலக்குக் கொடுத்திருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் அதைத் தெளிவுபடுத்தி அறிவிப்பு வெளியிட்டது. திறந்த வெளியில் ஒலிபெருக்கி மட்டும் இரவு பத்து மணிக்கு மேல் கூடாது, காலை ஆறு மணிக்கு முன்பும் கூடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். வைகாசி அதற்குள்தான் வருகிறது. கடலுக்குப் போகிற வீடுகளும் அப்போது கல்யாணம் வைப்பதால் நல்ல செட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். இந்த வாரமே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். நண்பருக்குப் பணம் நீட்டாதீர்கள், வேட்டி சட்டை எடுத்துக் கொடுங்கள். ஆனால் அவர் கூட்டி வருகிற தவில்காரர் உங்கள் நண்பர் இல்லை, அவருக்கு அது பிழைப்பு. அவருடைய சம்பளத்தையும் பேட்டாவையும் நண்பர் கையிலிருந்து போகவிடாமல் நீங்களே விசாரித்து, தனியாகத் தாம்பூலத்தில் வைத்துக் கொடுங்கள்.